அதிராத கைப்பேசியும் ஆராயாத தீர்ப்பும்

சென்னை ரிச்சி தெருவிலும், ஏனைய ஊர்களின் கடைவீதிகளிலும், பேருந்து நிலையத்து ஓரங்களிலும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் எழுதும் திறந்த மடல்.

அன்புடையீர்,

உங்கள் தொழிலின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. எந்தக் கலாசாலையும் முறையாகக் கற்பிக்காத ஒரு வித்தையை, மூத்த கைகளின் அருகில் அமர்ந்து பார்த்தே கற்று, எள்ளினும் சிறிய உறுப்புகளைச் சிமிட்டாவால் தூக்கி வைத்து, செத்துப்போனதாகக் கருதப்பட்ட பொருளுக்கு உயிர் கொடுக்கிற உங்களிடம், ஒரு குறையைச் சொல்லவும் அதனை ஒட்டி ஒரு விண்ணப்பம் செய்யவும் இம்மடலை எழுதுகிறேன்.

பழைய கைப்பேசி ஒன்றைக் கொண்டுவந்து, "மணி அடிக்கிறது, பேச முடிகிறது, செய்தியும் வருகிறது, அதிர்வு மட்டும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், உங்களில் பலர் அதைத் திறந்தும் பாராமலே, "போர்டு போச்சு, இந்த மாடலுக்கு இப்போது ஸ்பேர் வருவதில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். வேறு சிலர், "மணிதான் அடிக்கிறதே, அதிர்வு எதற்கு?" என்று சமாதானம் கூறி அனுப்பிவிடுகிறீர்கள். முதல் விடை ஆராயாமல் சொன்னது. இரண்டாவது விடை, வந்தவர் யார் என்று பாராமல் சொன்னது. இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். ஏனெனில் எனக்குச் செவி மந்தம்.

காது நன்றாகக் கேட்பவருக்கு வைப்ரேட்டர் என்பது இருந்தால் இருக்கட்டும் என்று விடத்தக்க ஓர் உபரி வசதி. செவி மந்தமானவருக்கோ அதுவே அழைப்பு மணி. அதிகாலையில் எழுப்பும் அலாரமும் அதுவே. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே நிற்கும் நெசவாளிக்கும், நீதிமன்றத்திலோ நூலகத்திலோ மருத்துவமனையின் நோயாளர் கூடத்திலோ மணியை அடக்கி வைத்திருக்கக் கடமைப்பட்டவருக்கும், சட்டைப்பையின் அந்தச் சிறு நடுக்கமே வெளியுலகத்தோடு உள்ள தொடர்பு. பார்வையும் கேள்வியும் ஒருங்கே இழந்தவருக்கு அது எத்தகைய உபகாரம் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. ஆகவே, அதிர்வு போன கைப்பேசியை முக்கால் பங்கு நல்ல கைப்பேசி என்று எண்ணாதீர்கள். அதைக் கொண்டுவந்து நீட்டுகிறவரின் கையில் அது ஒன்றுக்கும் உதவாத கைப்பேசியாக இருக்கக்கூடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய கைப்பேசிகளில் அதிர்வை உண்டாக்கும் யந்திரம் மிக எளியது. ஒரு சிறிய நேர்மின் மோட்டார், அதன் அச்சின் நுனியில், மையத்தை விட்டு விலகியிருக்குமாறு பொருத்திய அரைவட்ட உலோகத் துண்டு, அவ்வளவே. இறகு வளைந்த மின்விசிறி சுழலும்போது கூரைக் கொக்கி முதற்கொண்டு குலுங்குகிறதே, அந்தக் குலுக்கத்தைக் குறையாகக் கருதாமல் பயனாகக் கொண்டதுதான் வைப்ரேட்டரின் தத்துவம். இத்துண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் கலவையால் ஆனது. நீரைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு கனமுள்ள அவ்வுலோகத்தைத் தேர்ந்தது, இடம் சிறிதாயினும் எடை மிகவேண்டும் என்பதற்காகவே. எனவே கீழே விழுந்த பேசியிலிருந்து அத்துண்டு கழன்று தொலைந்துவிட்டால், ஈயக் குண்டு ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். 11 மடங்கே கனமுள்ள ஈயம் அதே அளவில் அந்த வேலையைச் செய்யாது.

வடிவத்தால் இவை இருவகைப்படும். உருளை வடிவில் அமைந்து, நுனியில் எடைத்துண்டு வெளியே தெரியும்படி, ரப்பர் உறைக்குள் படுத்திருப்பது ஒருவகை. சட்டைப் பொத்தானைப்போல் தட்டையாக, எடையை உள்ளேயே மறைத்துக்கொண்டு, இருபக்கப் பசைத்தாளால் ஒட்டப்பட்டிருப்பது மற்றொரு வகை. பெரும்பாலானவை ஏறத்தாழ 3 வோல்ட்டில் ஓடுவன. மிகப் பழைய பேசிகளில் 1.3 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்ற வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 167 அதிர்வு வரும். தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள், பசீனி என்னும் இத்தாலிய உடற்கூற்று அறிஞரின் பெயரால் வழங்குபவை, 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளையே மிக நுட்பமாக உணர்கின்றன. அவ்வெல்லையை நெருங்குமாறு இம்மோட்டார்கள் அமைந்திருப்பதால்தான் ஒரு கிராம் எடைகொண்ட பொருளின் ஆட்டத்தைத் தடித்த துணியின் வழியாகவும் நாம் அறிகிறோம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அதிர்வின் விசை வேகத்துக்கு நேர் விகிதத்தில் அமைவதன்று. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவது. மோட்டாரின் வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஆதலால், "அதிர்வு முன்போல் இல்லை, மெலிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், மோட்டார் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடாமல், அதன் வேகத்தைச் சற்றே குறைக்கக்கூடிய காரணங்களையெல்லாம் முதலில் தேடவேண்டும்: மூப்படைந்த பேட்டரி, களிம்பேறிய தொடுமுனை, அச்சில் சுற்றிக்கொண்ட நூலிழை, எடைத்துண்டின்மீது உராயும் பிளாஸ்டிக் விளிம்பு. இன்னொன்றும் உண்டு. நின்ற நிலையிலிருந்து முழுவேகம் பெற இம்மோட்டாருக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதனால் மோட்டார் தளரத் தொடங்கும்போது, பேசியின் பொத்தானைத் தொட்டவுடன் தோன்றும் குறுகிய அதிர்வு முதலில் மறைகிறது. அழைப்பு வரும்போது நீளும் அதிர்வு மட்டும் சிறிது காலம் தங்கியிருக்கிறது. இவ்விரண்டில் எது போயிற்று, எது இருக்கிறது என்று கேட்டாலே நோயின் பருவம் விளங்கிவிடும்.

பரிசோதனையின் கிரமம் என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். செலவு அற்றதும், பேசியைத் திறக்க வேண்டாததும் முதலில். செலவும் அபாயமும் மிக்கது கடைசியில். கற்ற மருத்துவன் நாடி பார்த்த பின்பே கத்தி எடுப்பான்.

முதலில் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். அதிர்வு எப்போது நின்றது? விழுந்த பிறகா, நனைந்த பிறகா, பேட்டரி மாற்றிய பிறகா, தொடுதிரை மாற்றிய பிறகா? அமைப்பில் அதிர்வு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேத்தியின் விரல் பட்டே பல வைப்ரேட்டர்கள் பழுதாகின்றன. ஆண்ட்ராய்டு பேசிகளில், மின்சேமிப்பு முறையில் அதிர்வை அடக்கிவிடுபவை உண்டு. பழைய நோக்கியா பேசிகளிலோ, சார்ஜரில் மாட்டியிருக்கும்போது அதிர்வு வேலை செய்யாது என்பதை அவற்றின் கையேடே கூறுகிறது. சார்ஜரில் வைத்தபடி சோதித்துவிட்டு மோட்டாரைப் பழிப்பது அநீதி. நோக்கியா 5110 போன்ற அக்காலத்துப் பேசிகளில் அதிர்வுப் பொறி பேசிக்குள் இருக்கவே இல்லை. வேண்டியவர்கள் அதிர்வுள்ள பேட்டரியைத் தனியே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அத்தகைய பேசிக்குச் சாதாரண பேட்டரியை மாற்றிவிட்டு, "பேட்டரி மாற்றியதும் அதிர்வு போயிற்று" என்று ஒருவர் வருந்தினால், போர்டில் தேடி என்ன பயன்? வாடிக்கையாளரின் சொல்லில் பாதி நோய் வெளிப்பட்டுவிடும். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

அடுத்து, மென்பொருளின் குறையா, உறுப்பின் குறையா என்று பிரித்தறிய வேண்டும். சாம்சங் ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும்; அதில் அதிர்வுக்கென ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தைத் தொட்டால் அதிர்கிறது, அழைப்பு வந்தால் அதிர்வதில்லை என்றால், மோட்டார் குற்றமற்றது, அமைப்பிலேயே கோளாறு. அத்தகைய வசதி இல்லாத பேசிகளுக்கு, உங்கள் மேஜைமேல் எப்போதும் இருக்கும் டிசி பவர் சப்ளையே சிறந்த சாட்சி. பேட்டரிக்குப் பதிலாக அதை இணைத்து, வேறொரு பேசியிலிருந்து அழைத்து, ஆம்பியர் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். அதிர்வு வரவேண்டிய கணந்தோறும் எண் 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை ஏறி இறங்கியும் கையில் ஒன்றும் தெரியவில்லையானால், மோட்டார் ஓடுகிறது, எடைத்துண்டு கழன்றிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எண் சிறிதும் அசையவில்லையானால், பாதை எங்கோ அறுபட்டிருக்கிறது. எண் அளவுக்கு மீறி ஏறியும் அசைவில்லையானால், அச்சு இறுகி நிற்கிறது அல்லது உள்ளே குறுக்குப்பாதை உண்டாகியிருக்கிறது. "அதிர்வு வந்தவுடன் போன் அணைந்துவிடுகிறது" என்று வருவோரின் பேசியிலும் இதே சோதனை உண்மையைச் சொல்லும்: பவர் சப்ளையில் ஒழுங்காக ஓடினால் குற்றம் பேட்டரியினுடையது, தொடக்கத்தில் மோட்டார் கேட்கும் மிகுதியான மின்னோட்டத்தை அம்முதிய பேட்டரியால் தரமுடியவில்லை.

இவ்வளவும் பார்த்த பின்னரே திருகாணியைத் தொடுங்கள். பழைய நோக்கியாவுக்கு டி6 நட்சத்திரத் திருப்புளி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும் என்பதும் தெரிந்ததே. பசையிட்டு மூடிய பிற்காலத்துப் பேசிகளில் மட்டும், உலோகத் தகடு லித்தியம் பேட்டரியைக் குத்திவிடாமல் மிகுந்த ஜாக்கிரதையோடு திறக்க வேண்டும். திறந்தவுடன் மோட்டாரைப் பிடுங்கி எறிய வேண்டாம். அதன் தொடுமுனைகளைப் பாருங்கள். பழைய பேசிகள் பலவற்றில் மோட்டார் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதில்லை. இரண்டு சிறிய வில் தகடுகள் போர்டின் பொன்முலாமிட்ட இடங்களை அழுத்திக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கான வியர்வையும் தூசியும் ஈரமும் அங்கே ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. அல்லது, முன்பு திறந்தவர் அவசரமாக மூடியதால் வில் தகடு மடங்கிப்போயிருக்கிறது. ஐபிஏ தோய்த்த பஞ்சால் துடைத்து, பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தகடுகளை ஊசிமுனையால் இம்மியளவு உயர்த்தி வைத்தால், போர்டு போயிற்று என்று தீர்க்கப்பட்ட பேசிகள் பல உயிர்பெற்று நடுங்குவதைக் காணலாம். என் பேசிக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு கடையில் புதிது வாங்கச் சொன்னார்கள். மற்றொரு கடையிலிருந்த இளைஞர், ஒரு சொட்டு ஐபிஏவும் சிறிது சிரத்தையும் செலவிட்டு அதைச் சரிசெய்து கொடுத்தார்.

துடைத்தும் பயனில்லையானால் மோட்டாரைத் தனியே எடுத்துப் பரீட்சை செய்யலாம். மல்டிமீட்டரின் ஓம் அளவில், நல்ல மோட்டார் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். அச்சை விரலால் மெல்லத் திருப்பும்போது எண் சிறிது ஏறி இறங்குவது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் எண் அடியோடு மறைந்தால், உள்ளிருக்கும் தூரிகையோ கம்யூட்டேட்டரின் ஒரு பகுதியோ தேய்ந்திருக்கிறது. அத்தகைய மோட்டார்தான் சிலநாள் ஓடிச் சிலநாள் நின்று, தட்டினால் மட்டும் எழுந்து ஓடும் குணமுடையது. பிறகு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். 1.3 வோல்ட் மோட்டாராகவும் இருக்கலாமாதலால், முதலில் 1.5 வோல்ட் பென்டார்ச் செல் ஒன்றையும், அதற்கு அசையாவிட்டால் இரண்டையும், கணநேரம் மட்டும் தொட்டுப் பார்ப்பது முறை. இவ்விஷயத்தில் ஒரு விலக்கும் உண்டு: பிற்காலத்து விலையுயர்ந்த பேசிகள் சிலவற்றில் சுழலும் மோட்டாருக்குப் பதிலாக, வில்லின்மேல் எடை முன்னும் பின்னும் அசையும் வேறொரு பொறி உண்டு, அதற்கு மாறுமின்னோட்டமே வேண்டும். அதில் செல்லைத் தொட்டால் ஒரு முறை 'டிக்' என்று அசைந்து நின்றுவிடும். அதைக் கண்டு பழுதென்று தள்ளிவிடாதீர்கள்.

மோட்டார் வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான் போர்டின்மேல் சந்தேகம் கொள்ளும் உரிமை நமக்கு வருகிறது. பல பேசிகளில் மோட்டாரின் ஒரு முனைக்குப் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மற்ற முனையைத் தரையோடு சேர்த்தும் பிரித்தும் ஆள்வது ஒரு டிரான்சிஸ்டரோ ஐசியோ. வேறு சிலவற்றில் பவர் ஐசியே வேண்டும்போது மின்சாரத்தை அனுப்பும். முதல்வகையில், நேர்முனையில் மின்னழுத்தமே இல்லையானால் வழியிலுள்ள தடம் அறுந்திருக்கிறது. மெல்லிய செப்புக் கம்பியால் ஜம்பர் போட்டால் போதும். மின்னழுத்தம் இருந்து, அழைப்பு வரும்போதும் மறுமுனை தரையோடு சேரவில்லையானால், டிரான்சிஸ்டரையும் அதற்கு ஆணை வரும் தடத்தையும் பாருங்கள். பேட்டரி போட்ட கணமே, பேசியை இயக்கும் முன்னரே, நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தால் அந்த டிரான்சிஸ்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது. அல்லது நீர் புகுந்து அவ்விடத்தில் மின்சாரம் கசிகிறது. மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக வைத்திருக்கும் டயோடு சிறியதாயினும் அசட்டை செய்யத்தக்கதன்று. மோட்டார் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை விழுங்கி டிரான்சிஸ்டரைக் காப்பது அதுவே. அது வெடித்துப்போனது தெரியாமல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் பழையதன் வழியே போகும்.

நோக்கியா 3310 இன் அமைப்பு இவ்விடத்தில் நல்ல பாடம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் 12 கோடிக்கு மேல் விற்ற அப்பேசியில், மணியையும் அதிர்வையும் விளக்குகளையும் ஒரே ஐசிதான் ஓட்டுகிறது. மூன்றும் ஒருங்கே போயினவானால் அந்த ஐசியைச் சந்தேகியுங்கள். மற்றவை நன்றாயிருக்க அதிர்வு மட்டும் போயிற்றென்றால், ஐசியின்மேல் ஹாட் ஏர் வீசுமுன் தொடுமுனையையும் மோட்டாரையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். நோயில்லாத ஐசிக்குச் சூடு வைப்பதனால் புதுநோய் உண்டாவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

திரும்ப மூடுவதிலும் கவனம் வேண்டும். ரப்பர் உறை தன் குழியில் முழுமையாகப் படிந்து, எடைத்துண்டு எப்பக்கமும் உராயாமல் சுழல வேண்டும்; தட்டை மோட்டாரானால் பழைய பசைத்தாளை நீக்கிப் புதிது ஒட்ட வேண்டும். மோட்டார் ஆடிக்கொண்டிருந்தால் அதன் நடுக்கம் பேசியின் உடலுக்குச் செல்லாமல் 'கடகட' என்ற ஓசையாக வீணாகிவிடும். காது கேட்பவர் அவ்வோசையைக் கேட்டு அதிர்வு வந்துவிட்டதாக மகிழ்வார். கேளாதவருக்குக் கையில் ஒன்றும் தெரியாது.

ஸ்பேர் கிடைப்பதில்லை என்ற உங்கள் சொல்லில் உண்மையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, நம் ஊர்ப் பெண்கள் பல்லாயிரவர் கைகளால் பேசிகளைச் செய்து உலகுக்கு அனுப்பிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. அப்பேசிகளுக்கு அசல் உறுப்பு இனி ஆலையிலிருந்து வரப்போவதில்லை. ஆனால் வைப்ரேட்டர் என்பது பெருமளவுக்குப் பொதுவான உறுப்பு: விட்டம், உயரம், வோல்ட், தொடுமுனையின் அமைப்பு ஆகிய நான்கும் பொருந்தினால், ஒரு மாடலின் மோட்டார் இன்னொரு மாடலில் தடையின்றி ஓடும். உங்கள் கடையின் மூலையில் ஸ்க்ராப் போர்டுகளும் உடைந்த பேசிகளும் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. ஓய்வான வேளையில் அவற்றின் மோட்டார்களைக் கழற்றிச் சோதித்து, வோல்ட்டையும் அளவையும் எழுதி வகைப்படுத்தி வைத்தால், ஆலை மூடியதனால் உண்டான பஞ்சம் உங்கள் கடைக்கு வராது.

இவ்வளவு நேரத்துக்கு அந்தச் சிறு வேலையில் என்ன கூலி கேட்பது என்று நீங்கள் எண்ணலாம். நியாயமான எண்ணமே. உறுப்பின் விலையைக் கூலியாக எண்ணுவதால்தான் இச்சங்கடம் உண்டாகிறது. நோயைக் கண்டறிந்த அறிவுக்கே கூலி கேளுங்கள். "மோட்டார் நன்றாக இருந்தது, தொடுமுனை களிம்பேறியிருந்தது, துடைத்துச் சரிசெய்தேன், இதற்கு இவ்வளவு" என்று விளக்கிச் சொல்பவருக்குக் கொடுக்க மக்கள் தயங்குவதில்லை, ஒன்றும் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி வாங்குவதைக் காட்டிலும் அது கௌரவமான வருவாய். போர்டு உண்மையாகவே போயிருந்தால், அதையும் சோதித்த காரணத்தோடு சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லப்படும் இல்லை என்ற சொல்லை எவரும் ஏற்றுக்கொள்வர்.

ஆகவே நான் வேண்டுவது இரண்டே. அதிர்வு இல்லை என்று கொண்டுவரும் எந்தப் பேசியையும் கேள்வி, மின்னோட்டம், தொடுமுனை, மோட்டார், போர்டு என்ற இக்கிரமத்தில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சரிசெய்த பின், மேஜைமேல் வைத்துச் சத்தம் கேட்டு நீங்களே திருப்தியடைந்துவிடாமல், உரியவரின் கையில் அதைக் கொடுத்து, உங்கள் பேசியிலிருந்து அழைத்து, "தெரிகிறதா ஐயா?" என்று கேளுங்கள். அவர் தலையசைத்த பிறகு பணம் வாங்குங்கள்.

உங்கள் கடைகள் செழிக்க வாழ்த்தும்,

உங்கள் வாடிக்கையாளருள் ஒருவன்.